ஈமேக்ஸில் நிரல் உலாவியை இணைப்பது: நிரந்தரப் பலகம் வேண்டுமா?

வாடைக்காற்று (பாம்பன்) எழுதியது:

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும் என்பதால், படகுப் பங்குக் கணக்கு நிரலைப் பிரித்துப் போட்டுத் திருத்துவதற்கு இதைவிட நல்ல காலம் நமக்கு வாய்க்காது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றைக் கழித்துவிட்டு, மீதியைப் படகுக்காரருக்கும் ஆள்களுக்கும் பங்கு பிரிக்கும் அந்த நிரலின் உள்பகுதி சி மொழியிலும், அறிக்கை அச்சிடும் பகுதி பைத்தானிலும் இருப்பது உங்களுக்குத் தெரியும். நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் ஆகிவிட்டன. விசைப்படகும் நாட்டுப்படகும் கடலுக்குப் போகும் நாள்கள் வேறுவேறு என்பதால், நாள்கணக்கு என்ற ஒரே பெயருடைய செயற்கூறு இரண்டு கோப்புகளில் இருக்கிறது. எதை யார் அழைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் கிரெப் என்ற உரைத் தேடல் கட்டளையை ஓட்டி, வரும் நீண்ட பட்டியலைக் கண்ணால் சலிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நாம் நிரல் எழுதப் பயன்படுத்தும் ஈமேக்ஸ் தொகுப்பியில், ஈமேக்ஸ் கோட் பிரவுசர் எனப்படும் ஈ.சி.பி. என்ற நிரல் உலாவிச் செருகுநிரலை நிறுவிப் பார்த்தேன். இடப்பக்கத்தில் அடைவுகள், கோப்புகள், செயற்கூறுகள், அண்மையில் திறந்தவை என நான்கு பலகங்கள் வந்து நின்றன. முதல் நாள் பார்த்தபோது மனம் நிறைந்தது. இரண்டாம் நாளிலிருந்து தொல்லை. உதவிப் பக்கத்தைத் திறந்தால் எந்தச் சாளரத்தில் திறக்கும் என்று சொல்ல முடியவில்லை. கண்ட்ரோல்-எக்ஸ் 1 அழுத்தினால் மற்றச் சாளரங்கள் எல்லாம் மூடப்பட வேண்டும். இங்கே சில மூடுகின்றன, சில மூடுவதில்லை.

நாம் ஐவரும் பகிர்ந்துகொள்ளும் பொது அமைப்புக் கோப்பில் இதை எல்லோருக்கும் இயல்பிருப்பாகச் சேர்த்துவிடலாமா, அல்லது வேறு வழி இருக்கிறதா என்பதே என் கேள்வி. சேர்க்கலாம் என்பது என் கருத்து. தொல்லைகளைப் போகப் போகச் சரிசெய்துகொள்ளலாம்.

கீழக்கரையான் (கீழக்கரை) எழுதியது:

தம்பி, போகப் போகச் சரிசெய்ய முடியாத தொல்லை அது. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஈ.சி.பி. எழுதப்பட்ட காலத்தில், திரையின் ஓர் ஓரத்தை ஒரு செருகுநிரலுக்கென்று ஒதுக்கிக் கொடுக்கும் முறை ஈமேக்ஸில் கிடையாது. அதனால் அது சாளரத்தைப் பிரிக்கும், மூடும் அடிப்படைச் செயற்கூறுகளையே இடைமறித்து, தன் சொந்த நடத்தையை அவற்றின்மேல் போர்த்தியது. உங்கள் ஊர்ப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் வரும்போது தூக்கி, போனதும் இறக்கினால்தான் ரயிலும் போகும், கப்பலும் போகும். ஈ.சி.பி. பாலத்தை எப்போதும் தூக்கியே வைத்திருக்கச் சொல்லும் கப்பல். சாளரங்களைக் கையாளும் வேறு எந்தச் செருகுநிரல் வந்தாலும் அதனோடு மோதும். ஒவ்வொரு மோதலுக்கும் தனித்தனியே ஒட்டுப்போட வேண்டும்.

அதைவிடப் பெரிய பாடம் 2010இல் கிடைத்தது. ஈ.சி.பி. தனியாக எதையும் பகுத்தறிவதில்லை. எரிக் லுட்லம் தொடங்கிய செடெட் தொகுப்பில் உள்ள செமான்டிக் என்ற பகுப்பானை நம்பியே அது செயற்கூறுகளின் பட்டியலைக் காட்டுகிறது. செடெட் நெடுங்காலம் தனித் தொகுப்பாக இருந்து, ஈமேக்ஸ் 23.2 பதிப்பில் உள்ளே சேர்க்கப்பட்டது. எல்லோரும் மகிழ்ந்திருக்க வேண்டிய செய்திதான். ஆனால் அப்போது புழக்கத்தில் இருந்த ஈ.சி.பி. 2.40, தனித் தொகுப்பாக வந்த செடெட்டின் பதிப்பு எண்ணைச் சரிபார்த்துவிட்டுத்தான் தொடங்கும். உள்ளே சேர்க்கப்பட்ட செடெட்டை அது ஏற்க மறுத்தது. நான் அந்தச் சரிபார்ப்பு வரியை என் கையால் வெட்டியெறிந்துவிட்டு ஓட்டினேன். பலரும் அப்படித்தான் செய்தார்கள். தொகுப்பிக்குள் சேர்வது என்பது கோப்புகளை ஓர் அடைவிலிருந்து இன்னோர் அடைவுக்கு நகர்த்துவது மட்டுமன்று, தம்பி. அதை நம்பியிருக்கும் மற்றவற்றின் காலடி மண்ணும் சேர்ந்தே நகரும்.

இனி வழிக்கு வருகிறேன். 2016இல் வந்த ஈமேக்ஸ் 25இல் எக்ஸ்ரெஃப் என்ற பொது இடைமுகம் சேர்க்கப்பட்டது. "இந்தப் பெயர் எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது, எங்கெல்லாம் பயன்படுகிறது" என்ற கேள்வியைத் தொகுப்பி கேட்கும். பதில் சொல்பவர் யாராகவும் இருக்கலாம். பெயர்கள் இருக்கும் இடங்களைக் குறித்துவைக்கும் ஈடேக்ஸ் அட்டவணை சொல்லலாம், மொழியை அறிந்து தொகுப்பிக்குப் பதில் தரும் தனி நிரலான மொழிச் சேவையகம் சொல்லலாம், பின்னணியாக நாமே எழுதும் நிரல்பகுதியும் சொல்லலாம். பயனர் அழுத்துவது ஒரே விசைதான்: மெட்டா-புள்ளி (ஆல்ட் விசையோடு புள்ளி) அழுத்தினால் வரையறைக்குப் போகும், மெட்டா-காற்புள்ளி அழுத்தினால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும். உங்கள் உலாவியை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவராக எழுதுங்கள். பலகம் பிறகு வரட்டும். அதற்கும் இன்று தொகுப்பியே ஓரச் சாளரம் என்ற ஏற்பாட்டைத் தருகிறது, எதையும் இடைமறிக்கத் தேவையில்லை.

தொண்டிக்கரை (தொண்டி) எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கேட் தொகுப்பியில் மொழிச் சேவையகச் செருகுநிரல் 2019 டிசம்பரில் வந்த 19.12 பதிப்பிலிருந்தே உடன் வருகிறது. கீனி தொகுப்பியைத் திறந்தால் இடப்பக்கத்தில் குறியீட்டுப் பட்டியல் தானாகவே நிற்கிறது. ஈமேக்ஸைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

கீழக்கரையான் எழுதியது:

நியாயமான கேள்விதான். எங்கள் அறிக்கை அச்சிடும் ஏற்பாடு முழுவதும் ஈமேக்ஸின் ஆர்க் என்ற ஆவண முறையில் எழுதப்பட்டிருக்கிறது. அதை மாற்றுவது இதைவிடப் பெரிய வேலை. புதிதாகத் தொடங்குகிறவராக இருந்தால் உங்கள் பேச்சைத்தான் நானும் வழிமொழிவேன்.

சேதுக்கரைவாசி (சேதுக்கரை) எழுதியது:

பலகத்தைப் பற்றி இருவரும் பேசிவிட்டீர்கள். நம்முடைய நிரலில் வேறொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது; அது தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே வருவது என்பதால், பிற மொழியினர் எழுதிய வழிகாட்டிகளில் தேடினாலும் கிடைக்காது.

பைத்தான் 3இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால், அறிக்கைப் பகுதியில் மொத்தம் என்றே ஒரு செயற்கூறுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். இந்தச் சொல்லைக் கண்ணால் எண்ணினால் மொ, த், த, ம் என நான்கு எழுத்துகள். யூனிகோடில் எண்ணினால் ஏழு குறிகள். யூ.டி.எஃப்.-8 முறையில் சேமித்தால் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு வீதம் 21 பைட்டுகள். ஒரே சொல்லுக்கு மூன்று நீளம். மைக்ரோசாஃப்ட் 2016இல் வெளியிட்ட மொழிச் சேவையக நெறிமுறையோ வரிக்குள் இருக்கும் இடத்தை யூ.டி.எஃப்.-16 அலகுகளில் எண்ணுகிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அந்த முறையில் ஓர் அலகுதான். ஆகவே குறிகளை எண்ணும் ஈமேக்ஸ் தமிழில் தப்பித்துவிடுகிறது. பைட்டுகளை எண்ணும் ஒரு தொகுப்பியில், செருகுநிரல் எழுதியவர் இந்த மாற்றத்தைக் கவனிக்கத் தவறிவிட்டால், ஒரு வரியில் மொத்தம் என்ற சொல் ஒருமுறை முன்னால் வந்தாலே சுட்டி 14 பைட்டுகள் தள்ளி, சில வேளை ஓர் எழுத்தின் நடுவிலேயே போய் விழும். ஈமேக்ஸும் முழுமையாகத் தப்பவில்லை. கருத்துரையில் யாராவது ஓர் இமோஜியைப் போட்டுவிட்டால் அதற்கு யூ.டி.எஃப்.-16இல் இரண்டு அலகுகள். எண்ணிக்கையை மாற்றாமல் எடுத்துக்கொள்ளும் செருகுநிரல் அங்கே ஓரிடம் பிசகும். எந்த அலகில் எண்ணுவது என்று இரு தரப்பும் முன்கூட்டிப் பேசி முடிவு செய்துகொள்ளும் வசதி, நெறிமுறையின் 3.17 பதிப்பில்தான் வந்தது.

இதைவிடக் கேடானது இன்னொன்று. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய திஸ்கி எழுத்துருக் கோப்புகளில் கொம்பு, மெய், கால் என்று பார்வை வரிசையில் சேமிக்கும் வழக்கம் இருந்தது. அவற்றைச் சரியாகக் கவனிக்காமல் யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்தே நின்றுவிடுகின்றன. நம்முடைய பழைய அறிக்கை வார்ப்புகள் அப்படி மாற்றப்பட்டவைதாம். அவற்றில் மொத்தம் என்பது எட்டுக் குறிகள், 24 பைட்டுகள்.

பைத்தான் மொழி பெயர்களை இயல்பாக்கிய (இரு வடிவங்களையும் ஒரே வடிவமாக்கிய) பின்னரே ஒப்பிடுவதால் நிரல் பிழையின்றி ஓடுகிறது. ஆனால் பெயர்களைப் பட்டியலிடும் சிடேக்ஸ் கருவியின் அட்டவணையும் கிரெப் தேடலும் பைட்டுகளை அப்படியே ஒப்பிடுகின்றன. சென்ற வாரம் மொத்தம் செயற்கூறை யார் அழைக்கிறார்கள் என்று தேடினேன்; ஒருவரும் இல்லை என்று பதில் வந்தது. அதை நம்பி நீக்கினேன், அறிக்கை உடைந்தது. நிரல் சரியாக ஓடிக்கொண்டிருக்க, தேடல் மட்டும் பொய் சொல்லும் நிலையைவிட, தேடவே முடியாத நிலை மேல்.

ஆகவே அட்டவணை போடும்போதும் கேள்வி கேட்கும்போதும் பெயரை ஒரே இயல்பு வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஈமேக்ஸில் அதற்கான செயற்கூறு உடன் வரும் இயல்பாக்க நூலகத்திலேயே இருக்கிறது. (ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டும் பழக்கத்தை எந்த இயல்பாக்கமும் திருத்தாது. அது கைப்பிழை, கையைத்தான் திருத்த வேண்டும்.)

வாடைக்காற்று எழுதியது:

அக்கா, மொத்தம் உடைந்ததற்கு நான் அல்லவா ஒரு நாள் முழுதும் அச்சுப்பொறியைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

கீழக்கரைக் காக்கா சொன்னபடி ஈ.சி.பி.யை எடுத்துவிட்டேன். ஈமேக்ஸ் 29இல் மொழிச் சேவையகத்தோடு பேசும் எக்ளாட் உடன் வருவதால், சி கோப்புகளுக்குக் கிளாங்டி சேவையகத்தை ஓடவிட்டேன். நம்முடைய மேக் கோப்பிலிருந்து தொகுப்புக் கட்டளைகளின் பட்டியலை உருவாக்கப் பேர் (Bear) என்ற கருவி உதவியது. அந்தப் பட்டியல் இல்லாமல் கிளாங்டிக்குத் தலைப்புக் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று தெரிவதில்லை. ஆனால் என் மடிக்கணினியில் 4 ஜி.பி. நினைவகம்தான். முதல் முறை அட்டவணை போடும்போது மற்ற வேலைகள் எல்லாம் நின்றுவிடுகின்றன. நடுவில் மின்சாரம் போனால், இங்கே காற்று பலமாக அடித்தாலே போகும், திரும்பத் தொடங்கிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அந்த இடைவெளியில் மெட்டா-புள்ளி அழுத்தினால் வரையறை இல்லை என்று சொல்கிறது. பக்கத்திலேயே சிடேக்ஸ் அட்டவணை ஆயத்தமாக இருக்கும்போது, அதனிடம் ஏன் கேட்கவில்லை?

கீழக்கரையான் எழுதியது:

எக்ஸ்ரெஃபைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையைச் சொல்லாமல் விட்டது என் தவறு. பின்னணிகளின் வரிசையைத் தொகுப்பி மேலிருந்து கேட்டுக்கொண்டு வரும். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முதலில் சொல்பவரிடம் கேள்வியை ஒப்படைத்துவிட்டு அத்தோடு நின்றுவிடும். அவர் வெறுங்கையோடு திரும்பினாலும் அடுத்தவரைக் கேட்காது. எக்ளாட் தான் கவனித்துக்கொள்ளும் கோப்பில் எப்போதும் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றுதான் சொல்லும். சேவையகம் அட்டவணை போட்டு முடித்ததா இல்லையா என்பது அந்தக் கட்டத்தில் கணக்கில் வராது.

நீங்கள் எழுத வேண்டியது இதுதான். வரிசையின் தலையில் நம்முடைய பின்னணி நிற்கட்டும். அது முதலில் எக்ளாட்டிடம் கேட்கட்டும்; வெறுமை திரும்பினால் அட்டவணையிடம் கேட்கட்டும்; அட்டவணை தந்த பதிலானால் பட்டியலில் அதற்கு ஒரு குறி இடட்டும். அந்தக் குறி தேவை. கிளாங்டி மொழியின் பொருளறிந்து சொல்வது வேறு, சிடேக்ஸ் பெயரொற்றுமையை மட்டும் பார்த்துச் சொல்வது வேறு. நாள்கணக்கு என்று கேட்டால் சிடேக்ஸ் இரண்டு கோப்புகளையும் காட்டும். எது உங்களுடையது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அட்டவணைக் கோப்பைச் சேமிக்கும்போது தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் பெயரை மாற்றுங்கள். மின்சாரம் போகும் ஊரில் பாதி எழுதிய அட்டவணையைவிடப் பழைய அட்டவணை மேல்.

முகவை மாணவன் (இராமநாதபுரம்) எழுதியது:

நான் விம் தொகுப்பியின் பயனர். எங்களுக்குச் சிடேக்ஸோடு சிஸ்கோப்பும் உண்டு. ஒரு செயற்கூறை யார் அழைக்கிறார்கள் என்ற கேள்விக்கு அதுவே நேரடியாகப் பதில் சொல்லும். பெல் ஆய்வுக்கூடத்தில் பி.டி.பி.-11 கணினிக் காலத்தில் பிறந்த கருவி, 2000இல் திறமூலமானது. ஆனால் விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் தொகுப்பியின் 2023இல் வெளியான 0.9 பதிப்பில் சிஸ்கோப் ஆதரவை உள்ளிருந்து நீக்கிவிட்டார்கள். பல ஆண்டுகள் உள்ளே இருந்ததும் ஒரு நாள் வெளியே போகும் என்பதற்கு இது சான்று. அண்ணன்கள் எழுதப்போவதை ஈமேக்ஸுக்கே அனுப்பி உள்ளே சேர்க்கச் சொல்லலாமா, அல்லது வெளியிலேயே வைத்திருப்பது நல்லதா?

கீழக்கரையான் எழுதியது:

சேர்க்கச் சொல்லலாம், ஆனால் நிரல் எழுதுவதைவிடத் தாள் எழுதுவதற்கு அதிக நாள் ஆகும். ஈமேக்ஸின் மூலத்திலும் குனு எல்பா என்ற செருகுநிரல் களஞ்சியத்திலும் சேர வேண்டுமானால், எழுதிய ஒவ்வொருவரும் தம் பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். சுமார் 15 வரிக்குள் அடங்கும் சிறு திருத்தங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வேலையில் இருப்பவரானால் பணியிடத்திடமிருந்தும் உரிமை கோரமாட்டோம் என்ற கடிதம் தேவைப்படலாம். நம்மில் இருவர் சம்பளத்துக்கு நிரல் எழுதுகிறவர்கள். ஒருவருடைய அலுவலகத்தில் இப்படிப்பட்ட கடிதத்தைக் கேட்டால், என்ன கடிதம் என்று விளக்கவே ஒரு மாதம் ஆகும்.

நான்-குனு எல்பா (NonGNU ELPA) என்ற இன்னொரு களஞ்சியம் இருக்கிறது. அங்கே உரிமையை எழுதிக்கொடுக்கத் தேவையில்லை. கட்டற்ற உரிமம் இருந்தால் போதும். ஈமேக்ஸ் 28 முதல் அது இயல்பிருப்புப் பட்டியலிலேயே இருப்பதால், பயனருக்கு நிறுவும் பாடு ஒன்றுதான். ஒகரக் குறியின் இயல்பாக்கத்தை மட்டும் தனியே பிரித்து, 15 வரிக்குள் அடக்கி, ஈமேக்ஸின் மூலத்துக்கே அனுப்பலாம். அது நமக்கு மட்டும் பயன்படுவதன்று. வங்காளத்திலும் மலையாளத்திலும் இதே இரட்டைக் குறிச் சிக்கல் உண்டு.

வாடைக்காற்று எழுதியது:

எழுதிவிட்டேன். நூறு வரிக்குச் சற்று மேல் வந்தது.

பின்னணி வேலை செய்கிறது. கிளாங்டி அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும்போதும் மெட்டா-புள்ளி பதில் சொல்கிறது. அட்டவணையிலிருந்து வந்த பதிலுக்கு முன்னால் ஓர் உடுக்குறி (*) போட்டிருக்கிறேன். ஓரச் சாளரத்தில் ஈமேக்ஸின் ஐமெனு வசதி தரும் செயற்கூற்றுப் பட்டியலை மட்டும் காட்டுகிறேன். நான்கு பலகங்கள் ஒன்றாகிவிட்டன. அந்த ஒன்றும் கேட்டால்தான் வரும். கண்ட்ரோல்-எக்ஸ் 1 இப்போது செய்ய வேண்டியதைச் செய்கிறது. தொகுப்பி தொடங்கும்போதே செருகுநிரலை ஏற்றாமல், முதல் முறை விசையை அழுத்தும்போது ஏறும்படி வைத்திருப்பதால் தொடங்கும் நேரமும் கூடவில்லை.

அக்கா சொன்ன இயல்பாக்கத்தையும் இரு பக்கமும் சேர்த்தேன். மொத்தம் என்று தேடினால் இப்போது எல்லா இடங்களும் பட்டியலில் வருகின்றன. ஆனால் பழைய வார்ப்பில் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அங்கே போக மறுத்து, அந்தக் கோப்பின் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது.

சேதுக்கரைவாசி எழுதியது:

அட்டவணையில் உள்ள பெயரை மட்டும் இயல்பாக்கினாயா, அதனோடு வரும் தேடல் தொடரையும் சேர்த்து இயல்பாக்கினாயா? சிடேக்ஸ் இடத்தைப் பெரும்பாலும் அந்த வரியின் உரையைக் கொண்டே குறித்து வைக்கிறது. கோப்பில் மேலே நான்கு வரிகள் புதிதாகச் சேர்ந்தாலும் இடம் தவறாமல் இருப்பதற்கான நல்ல ஏற்பாடு அது. நீ அந்தத் தொடரையும் இயல்பாக்கிவிட்டால், கோப்பில் பிரிந்த வடிவம் கிடக்க, தொடர் சேர்ந்த வடிவத்தைத் தேடும், கிடைக்காது.

வாடைக்காற்று எழுதியது:

சேர்த்துத்தான் இயல்பாக்கினேன், அக்கா. முழு வரியையும் ஒரே செயற்கூறுக்குள் தள்ளிவிட்டேன்.

சேதுக்கரைவாசி எழுதியது:

பெயரை மட்டும் இயல்பாக்கு, தொடரைத் தொடாதே. யுனிவர்சல் சிடேக்ஸில் வரி எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லும் விருப்பம் உண்டு; அதையும் போட்டுவை. தொடர் கிடைக்காவிட்டால் வரி எண்ணுக்குப் போகட்டும். அங்கிருந்து மேலும் கீழும் சில வரிகளில் பெயரை இயல்பாக்கித் தேடட்டும்.

பழைய வார்ப்புகள் அத்தனையையும் ஒரே முறையில் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடலாம் என்றும் எண்ணினேன். ஆனால் அப்படிச் செய்தால் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் வரலாற்றில் அந்த வரிகள் எல்லாம் என் பெயரில் மாறியதாக நிற்கும்; எந்தப் பங்கு விகிதத்தை யார் எப்போது மாற்றினார்கள் என்ற தடயம் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு மறைந்துபோகும். பங்குக் கணக்கில் சச்சரவு வந்தால் படகுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

வாடைக்காற்று எழுதியது:

மாற்றிவிட்டேன், இப்போது சரியான வரியில் போய் நிற்கிறது. வார்ப்புகளைத் தொடவில்லை.

திருத்தத்தைப் பொதுக் களஞ்சியத்தில் தனிக் கிளையாக ஏற்றியிருக்கிறேன். இயல்பிருப்பில் பின்னணி மட்டும் இயங்கும். பலகம் வேண்டுபவர் ஒரு வரியை நீக்கி இயக்கிக்கொள்ளலாம். காக்கா பின்னணியைப் பார்க்கட்டும், அக்கா இயல்பாக்கத்தைப் பார்க்கட்டும். ஜூன் 14க்குள் பார்த்துச் சொன்னால் போதும். அதற்குப் பிறகு என் மடிக்கணினி மீன் ஏலக் கூடத்தில் இருக்கும்.

தொண்டிக்கரை எழுதியது:

கிளையை இறக்கி ஓட்டிப் பார்த்தேன். என் கோப்பில் இமோஜி இருந்த வரியில் ஓரிடம் தள்ளி நிற்கிறது. கேட்டில் இதே வரி சரியாக இருக்கிறது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வாடைக்காற்று எழுதியது:

அந்த வரியை அனுப்புங்கள், அண்ணே. அட்டவணை தந்த பதிலா, சேவையகம் தந்த பதிலா என்று தெரிய, அதற்கு முன்னால் உடுக்குறி இருந்ததா என்றும் சொல்லுங்கள்.